புரோட்டீன் பார் எமக்குத் தேவையா?

எமது உடல் இறைவன் எம்மிடம் ஒப்படைத்த ஓர் அமானிதம். அதைப் பேணுவதும் அதற்கு ஏற்ற ஹலாலான, நல்ல உணவை உண்பதும் எமது கடமை. இந்தக் கடமையை எளிதாக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு இன்று எத்தனையோ பொருட்கள் சந்தைக்கு வருகின்றன. அவற்றுள் ஒன்றுதான் புரோட்டீன் பார். சொக்லேட் போன்ற உறையில், உள்ளங்கை நீளக் கட்டியாக வரும் இந்த உணவு கொழும்பு, கண்டி கடைகளைத் தாண்டி மலையக நகரங்களையும் எட்டியுள்ளது. கடையில் காணாதவர்களும் கைத்தொலைபேசியில் தினமும் காண்கிறார்கள். உடலைக் கட்டாக வைத்திருக்கவும் நிறையைக் குறைக்கவும் இது உதவும் என்பதே விளம்பரங்களின் செய்தி.

இதைக் கேட்டு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு பாருடன் படுக்கைக்குப் போகும் மாணவியரும் இருக்கிறார்கள். ஆகவே இதில் என்ன இருக்கிறது, இது உடற்தகுதிக்கு உதவுமா, நிறையைக் குறைக்குமா, கொடுக்கும் காசுக்குத் தகுந்த பயன் உண்டா என்பவற்றை நாம் அறிந்திருப்பது அவசியம். உயர்தர விஞ்ஞானப் பாடத்தில் கற்பவற்றையும் சிறிய கூட்டல், பெருக்கல் கணக்குகளையும் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை காண முயல்கிறேன்.

பார் வந்த வரலாறு

விண்வெளிப் பயணங்கள் உலகெங்கும் பேசப்பட்ட 1960களின் இறுதியில், அமெரிக்காவின் பில்ஸ்பரி நிறுவனம் விண்வெளி உணவின் பெயரில் குச்சி வடிவச் சிற்றுண்டி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பின்னர் 1986 இல் கனடாவைச் சேர்ந்த மரதன் ஓட்ட வீரர் பிரையன் மெக்ஸ்வெல், கலிபோர்னியாவில் 'பவர் பார்' என்ற கட்டியைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். நாற்பது கிலோமீற்றருக்கு மேல் ஓடும் வீரருக்கு இடைநடுவில் உடற்சக்தி தீர்ந்துபோகும். ஓடிக்கொண்டே சோறும் கறியும் சாப்பிட முடியாது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடிக்கக்கூடிய உணவு ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்ததே பவர் பார். 2000 ஆம் ஆண்டில் நெஸ்லே நிறுவனம் அதை வாங்கியது. இதற்கிடையில் வேறு பல நிறுவனங்களும் இத்துறையில் இறங்கின. முதலில் வந்த கட்டிகளில் காபோவைதரேற்றே அதிகம். புரதத்தைக் கூட்டிய கட்டிகள் உடற்கட்டுப் பயிற்சி செய்வோரிடையே பரவி, பின்னர் எல்லோருக்குமான கடைகளுக்கு வந்தன.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. குறைந்த இடத்தில் கூடுதலான சக்தியை அடைத்துத் தருவதற்காகவே இந்த உணவு உருவாக்கப்பட்டது. மெலிய விரும்புவோருக்காக அது உருவாகவில்லை. மெலிவதற்கான உணவு என்ற பெயர் பின்னர் வந்து சேர்ந்தது.

புரதம் எதற்கு, எவ்வளவு?

எமது தசை, தோல், தலைமுடி, குருதியிலுள்ள ஈமோகுளோபின், நொதியங்கள், பிறபொருளெதிரிகள் யாவும் புரதத்தால் ஆனவை. புரதம் அமினோ அமிலங்களின் சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்களில் ஒன்பதை எமது உடலால் தயாரிக்க முடியாது. அவற்றை உணவிலிருந்தே பெற வேண்டும்.

வளர்ந்த ஒருவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. எமது வயதுப் பெண்களுக்கு இது சற்று அதிகம், 0.85 கிராம். ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள மாணவிக்கு ஏறத்தாழ 43 கிராம். தினமும் கடுமையாகப் பயிற்சி செய்யும் விளையாட்டு வீராங்கனைக்கு ஒரு கிலோகிராமுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம்.

புரதத்தைக் கூடுதலாக உண்பதால் மட்டும் தசை வளர்ந்துவிடாது. தசைக்கு வேலை கொடுத்தால்தான் அது வளரும். வேலை செய்யாத உடலுக்குத் தேவைக்கு மேல் கிடைக்கும் புரதம் சக்தியாக எரிக்கப்படும் அல்லது கொழுப்பாகச் சேமிக்கப்படும். அதிலுள்ள நைதரசன் யூரியாவாக மாறிச் சிறுநீருடன் வெளியேறும். பயிற்சி எதுவும் செய்யாமல் பாரை மட்டும் உண்டு உடற்தகுதி பெறலாம் என்று எண்ணுவது, புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வைத்துவிட்டுப் பரீட்சையில் சித்தியடையலாம் என்று எண்ணுவதற்குச் சமம்.

ஒரு நாளின் சாப்பாட்டைக் கணக்கிடுவோம்

எமது பிரதேசத்துச் சாதாரண வீடொன்றின் ஒரு நாள் உணவை எடுத்துக்கொள்வோம். காலையில் கோதுமை மா ரொட்டி இரண்டு, தேங்காய்ச் சம்பல், சீனி போட்ட தேநீர். பகலில் சோறு, உருளைக்கிழங்குக் கறி, கீரை. மாலையில் தேநீரும் பிஸ்கட்டும். இரவில் மீண்டும் இரண்டு ரொட்டி.

இரண்டு ரொட்டிக்கு 120 கிராம் மா எடுத்தால் அதில் சுமார் 12 கிராம் புரதம் உண்டு. காலை, இரவு இரண்டுக்கும் 24 கிராம். 300 கிராம் சோற்றில் சுமார் 8 கிராம். கறி, கீரை, சம்பல், பிஸ்கட் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 6 கிராம். மொத்தம் 38 கிராம்.

தேவையான 43 கிராமுக்கு இது அண்மையில் வந்துவிட்டதே என்று உங்களுக்குத் தோன்றலாம். அளவில் வந்துவிட்டது. தரத்தில் குறை இருக்கிறது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் மிகவும் குறைவு. ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றை உடலால் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. பருப்பு, கடலை, கௌபி, பயறு போன்றவற்றில் லைசின் நிறைய உண்டு. அவற்றில் குறைவாக உள்ள மெதியோனின் தானியங்களில் உண்டு. ஆகவே ரொட்டியுடன் பருப்பையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. எமது மூத்தோர் சோற்றுடன் பருப்பையும் சேர்த்து உண்டதன் பயனை இன்று விஞ்ஞானம் விளக்குகிறது.

இப்போது அதே நாளில் ஒரு சிறிய மாற்றம் செய்வோம். பகல் சோற்றுடன் 100 கிராம் சமைத்த பருப்பு: 9 கிராம் புரதம். ஓர் அவித்த முட்டை: 6 கிராம். மொத்தம் 53 கிராமாக உயர்கிறது. ஐம்பது கிலோகிராம் மாணவிக்கு இது தாராளமாகப் போதும். புரோட்டீன் பார் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

வேறொரு மாற்றத்தையும் செய்து பார்ப்போம். மெலிய வேண்டும் என்று இரவு ரொட்டியை விட்டுவிடுகிறோம். 38 கிராமில் 12 கிராம் குறைந்து 26 ஆகிறது. பின்னர் 10 கிராம் புரதம் கொண்ட ஒரு பாரைப் பெரும் விலை கொடுத்து வாங்கி உண்கிறோம். அப்போதும் 36 கிராம்தான். நாமே கழித்துவிட்ட புரதத்தைக் கடையிலிருந்து திரும்ப வாங்கியும் பழைய அளவை எட்டவில்லை.

நிறை குறையுமா?

புரதத்துக்கு உண்மையில் இரண்டு நன்மைகள் உண்டு. புரதம் உள்ள உணவு வயிறு நிறைந்த உணர்வை நீண்ட நேரம் தருகிறது. அத்துடன் புரதத்தைச் சமிபாடடையச் செய்து பயன்படுத்துவதற்கு உடல் செலவிடும் சக்தி, காபோவைதரேற்றுக்கும் கொழுப்புக்கும் செலவிடுவதைவிட அதிகம். புரதம் தரும் சக்தியில் 20 முதல் 30 சதவீதம் வரை அதற்கே செலவாகிவிடுகிறது. விளம்பரங்கள் சொல்லும் செய்தியில் உள்ள உண்மை இதுதான்.

ஆனால் பாரில் இருப்பது புரதம் மட்டுமன்று. ஐம்பது, அறுபது கிராம் நிறையுள்ள பார் ஒன்று பொதுவாக 200 முதல் 250 கிலோ கலோரி வரை சக்தி தரும். ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு மணித்தியாலம் விறுவிறுப்பாக நடந்தால் ஏறத்தாழ 200 கிலோ கலோரி செலவாகும். வழமையான மூன்று வேளை உணவுடன் ஒரு பாரையும் சேர்த்து உண்பவர், அந்த ஒரு மணி நேர நடையை ஈடு செய்துவிடுகிறார். நிறை குறைவதற்கு வழியில்லை.

2019 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு நடத்திய பரிசோதனை இங்கே நினைவுகூரத்தக்கது. இருபது பேரை நிலையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரம் வீட்டுச் சமையலைப் போன்ற உணவும் கொடுத்தார்கள். இரு வகை உணவிலும் கலோரி, சீனி, கொழுப்பு, நார்ப்பொருள் ஆகியவை சமமாக இருக்கும்படி தட்டில் வைத்தார்கள். விரும்பிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவை உண்டபோது அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி அதிகமாக உண்டார்கள். நிறையும் கூடியது. அந்தப் பரிசோதனை புரோட்டீன் பாரைப் பற்றியதன்று. ஆனால் பெரும்பாலான பார்கள் அந்த வகை உணவிலேயே அடங்கும்.

எமது வயதில் இன்னொரு விடயமும் உண்டு. எலும்பு இன்னும் உறுதியடைந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பருவத்தில் சாப்பாட்டை விட்டால் மயக்கம், கவனக்குறைவு, தலைமுடி உதிர்தல், மாதவிடாய் ஒழுங்கு குலைதல் ஆகியவை ஏற்படலாம். உண்மையில் நிறை அதிகமா என்பதை வயதுக்கேற்ற உடற்திணிவுச் சுட்டியைக் கொண்டு வைத்தியரோ பொதுச் சுகாதாரத் துறையினரோ கணித்துச் சொல்ல வேண்டும். கண்ணாடியும் தோழியரின் பேச்சும் அதைச் சொல்ல முடியாது.

உறையை வாசிக்கக் கற்போம்

வாங்குவதாயின் உறையின் முன்பக்கத்திலுள்ள பெரிய எழுத்தை விடப் பின்பக்கத்திலுள்ள சிறிய எழுத்தே முக்கியம். மூன்று விடயங்களைப் பார்க்கலாம்.

முதலாவது, புரதமும் கலோரியும். புரதத்தின் கிராம் அளவைப் பத்தால் பெருக்குங்கள். வரும் விடை கலோரி எண்ணுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் அது உண்மையில் புரதம் நிறைந்த உணவு. 20 கிராம் புரதமும் 200 கிலோ கலோரியும் உள்ள பார் இதில் தேறும். 6 கிராம் புரதமும் 220 கிலோ கலோரியும் உள்ளது தேறாது. அது புரதத்தின் பெயரைத் தாங்கிய இனிப்புப் பண்டம். அவித்த முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதமும் 70, 75 கிலோ கலோரியும் உள்ளதால் அது தேறுதலுக்கு மிக அருகில் வருகிறது. நெத்தலிக் கருவாடு மிக எளிதாகத் தேறிவிடும். அதன் நிறையில் பாதிக்கு மேல் புரதம். உப்பு அதிகம் என்பதால் கழுவிச் சமைக்க வேண்டும்.

இரண்டாவது, சேர்மானங்களின் வரிசை. நிறையில் அதிகமாக உள்ள பொருளே முதலில் எழுதப்படும். சீனி, குளுக்கோஸ் பாணி, தேன், பழச்சாற்றுச் செறிவு என்று வெவ்வேறு பெயர்களில் வந்தாலும் எல்லாம் இனிப்பே. சீனி சேர்க்கப்படவில்லை என்று எழுதியிருந்தால் மோல்டிற்றோல் போன்ற இனிப்பூட்டிகள் உள்ளனவா என்று பாருங்கள். அவை சிலருக்கு வயிறு ஊதலையும் வயிற்றோட்டத்தையும் ஏற்படுத்தும். நீரிழிவு உள்ள பெற்றோர், பிள்ளைக்காக வாங்கிய பாரை நல்லது என்று தாமும் உண்பதற்கு முன்னர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, புரதம் எதிலிருந்து வந்தது என்பது. பாலிலிருந்து பிரிக்கப்படும் வே புரதமும் சோயாப் புரதமும் தரமானவை. சில பார்களில் கொலாஜன் அல்லது ஜெலட்டின் சேர்த்துப் புரத அளவைக் கூட்டுகிறார்கள். கொலாஜனில் டிரிப்டோபன் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் இல்லை. ஆகவே உறையில் எழுதிய கிராம் முழுவதும் ஒரே தரமான புரதம் அன்று.

ஹலால் பற்றிய கவனம்

கொலாஜனும் ஜெலட்டினும் விலங்குகளின் தோல், எலும்பு ஆகியவற்றிலிருந்து பெறப்படுபவை. எந்த விலங்கு, எவ்வாறு அறுக்கப்பட்டது என்பது பல உறைகளில் எழுதப்படுவதில்லை. பாரை மிருதுவாக வைத்திருக்கச் சேர்க்கப்படும் ஈ 422 என்ற கிளிசரின் தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எனவே வெளிநாட்டிலிருந்து வரும் பாரில் சைவ உணவுக் குறியோ நம்பகமான ஹலால் இலச்சினையோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். எமது நாட்டில் 2013 வரை அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்த ஹலால் சான்றிதழை 2014 முதல் ஹலால் எக்ரெடிடேஷன் கவுன்ஸில் வழங்கி வருகிறது. கடலையிலும் பருப்பிலும் முட்டையிலும் இந்தச் சந்தேகங்களுக்கே இடமில்லை.

ஒரு கிராம் புரதம் என்ன விலை?

விலைகள் அடிக்கடி மாறுவதால், கணக்கை விளங்கிக்கொள்வதற்காகச் சில விலைகளை எடுத்துக்கொள்வோம். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக் கணித்துக்கொள்ளலாம்.

20 கிராம் புரதமுள்ள பார் 900 ரூபாய் என்றால் ஒரு கிராம் புரதத்தின் விலை 45 ரூபாய். முட்டை 42 ரூபாய் என்றால் 6 கிராம் புரதத்துக்கு, கிராமுக்கு 7 ரூபாய். ஒரு கிலோ கடலை 500 ரூபாய் என்றால் அதில் சுமார் 200 கிராம் புரதம், கிராமுக்கு இரண்டரை ரூபாய். ஒரு கிலோ பருப்பு 300 ரூபாய் என்றால் அதில் சுமார் 240 கிராம் புரதம், கிராமுக்கு ஒன்றேகால் ரூபாய்.

ஒரு கோப்பை அவித்த கடலையில் ஏறத்தாழ 14 கிராம் புரதமும் 270 கிலோ கலோரியும் உண்டு. பல பார்களில் உள்ளதும் இதே அளவுதான். கடலையில் இவற்றுடன் 12 கிராம் நார்ப்பொருளும் இரும்பும் போலேற்றும் கிடைக்கின்றன. வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டுத் தாளித்தால் சுவையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. மேலே எடுத்துக்கொண்ட விலையில் ஒரு பார், நாள் முழுவதும் மலைச் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த ஒரு தாயின் 2024 ஆம் ஆண்டு நாட்சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

மலையகத்தில் புரதக் குறைபாடு

புரதத்தைப் பற்றிய பேச்சு எமது பிரதேசத்துக்குப் புதிதன்று. 1973 இல் இலங்கையில் திரிபோஷாத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. சக்தி, புரதம், நுண்போசணைப் பொருட்கள் ஆகிய மூன்றையும் தருவதால் அதற்கு அந்தப் பெயர். சோளம், சோயா அவரை, பால்மா ஆகியவற்றுடன் விற்றமின்களும் கனியுப்புகளும் சேர்த்துத் தயாரிக்கப்படும் இந்த மா, கர்ப்பிணித் தாய்மாருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக்குகள் ஊடாக இலவசமாக வழங்கப்படுகிறது. அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். தேவையானவருக்கு, மலிவான தானியத்தையும் அவரையையும் கலந்து, காசு வாங்காமல் கொடுக்கலாம் என்பதை எமது நாடு அரை நூற்றாண்டுக்கு முன்னரே செய்து காட்டியது.

ஆயினும் குறைபாடு தீரவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதிகளில் இது 32 சதவீதம். மூன்று பிள்ளைகளில் ஒருவர் என்று சொல்லலாம். இதற்குப் புரதம் மட்டும் காரணமில்லை. தாயின் போசணை, சுத்தமான குடிநீர், மலசலகூட வசதி, நோய்கள், வருமானம் எல்லாம் சேர்ந்த காரணங்கள் இவை. நாம் பார்த்த ரொட்டி, சம்பல், தேநீர் என்ற உணவும் அவற்றில் ஒன்று. உறையிட்ட புரதம் கடையில் அடுக்கியிருக்கும் அதே மலையகத்தில், புரதம் உண்மையில் தேவைப்படும் பிள்ளைகள் அதை வாங்க முடியாமல் இருக்கிறார்கள்.

தேநீரும் இரும்பும்

எமது வயதுப் பெண்களுக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் அளவில் இரும்பு தேவை. அது குறைந்தால் குருதிச்சோகை ஏற்படும். படி ஏறும்போது மூச்சு வாங்குவது, வகுப்பில் தூக்கம், எப்போதும் களைப்பு என்பன அதன் அறிகுறிகள். இந்தக் களைப்பைப் புரதக் குறைவு என்று எண்ணிப் பார் வாங்கினால் நோய் அப்படியே இருக்கும்.

நாம் வாழ்வது தேயிலை நாட்டில். சாப்பாட்டுடன் தேநீர் அருந்தும் பழக்கம் எல்லா வீடுகளிலும் உண்டு. தேயிலையிலுள்ள தனின் போன்ற பொருட்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புடன் சேர்ந்து அதை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னரோ பின்னரோ அருந்தினால் இத்தடை பெருமளவு நீங்கும். சாப்பாட்டுடன் தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ சேர்த்தால் அவற்றிலுள்ள விற்றமின் சீ இரும்பை உறிஞ்ச உதவும். இதற்கு ஒரு ரூபாயும் கூடுதலாகச் செலவில்லை. பாருக்குச் செலவிடும் காசை விட இந்தச் சிறிய மாற்றம் எமக்குக் கூடுதலான பலத்தைத் தரும்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். வறுத்த கச்சான் 100 கிராம், வறுத்த எள் 50 கிராம், விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம். கச்சானையும் எள்ளையும் இடித்து, மசித்த பேரீச்சம்பழத்துடன் பிசைந்து பத்து உருண்டைகளாகப் பிடிக்கலாம். ஒரு உருண்டையில் ஏறத்தாழ 4 கிராம் புரதமும் 130 கிலோ கலோரியும் இருக்கும். பத்தால் பெருக்கும் முறைப்படி இதுவும் புரதம் நிறைந்த உணவாகத் தேறாது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சீனி சேர்க்காத, ஹலால் பற்றிய ஐயம் இல்லாத நல்ல சிற்றுண்டி இது. நோன்பு காலத்தில் இப்தாருக்கும் பொருந்தும். ஸஹர் உணவுக்கு முட்டையோ கடலையோ பருப்போ இருந்தால் பசி தாமதமாகவே வரும்.

யாருக்குப் பயன்படும்?

பார் தீய உணவு என்று நான் சொல்லவில்லை. தினமும் கடுமையான பயிற்சி செய்து, பயிற்சிக்குப் பின்னர் சாப்பாடு கிடைக்க நேரமாகும் விளையாட்டு வீராங்கனைக்கு அது உதவும். நீண்ட பயணத்தில் வேறு நல்ல உணவு கிடைக்காதபோது உதவும். நோயிலிருந்து மீண்டு, உண்ண முடியாமல் இருப்பவருக்கு வைத்தியர் சொன்னால் உதவும். ஓர் இனிப்புப் பண்டத்துக்குப் பதிலாக எப்போதாவது ஒன்றை உண்பதிலும் தவறில்லை. சிறுநீரக நோய் உள்ளவர்களும் கச்சான், பால், சோயா ஒவ்வாமை உள்ளவர்களும் வைத்தியரிடம் கேளாமல் உண்ணக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகத் தினமும் உண்பதற்கு எமது வயதினருக்கு அது ஏற்றதன்று.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

பெண்பிள்ளைகள் சாப்பாட்டை விடுவதற்கு விளம்பரம் மட்டும் காரணமில்லை. திருமண வீட்டிலும் பெருநாள் வீட்டிலும் "பிள்ளை நல்லாக் கொழுத்திட்டா" என்று உறவினர் சிரித்துக்கொண்டு சொல்லும் ஒரு வார்த்தை, பல நாட்களுக்கு அவளது பசியை நிறுத்திவிடும். அப்படிப்பட்ட பேச்சு எழும்போது அவள் பக்கம் நின்று பேசுங்கள். அவள் தனியாகப் பட்டினி கிடப்பதை விட, வீட்டில் எல்லோரும் சீனியைக் குறைத்து ஒன்றாக நடப்பது நல்லது.

மற்றொன்றையும் பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். பல வீடுகளில் கறி முதலில் வாப்பாவுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் போகிறது. பின்னர் பெண்பிள்ளைகளுக்கு. கடைசியில் சட்டியின் அடியில் உள்ளதை உம்மா உண்கிறார். தோட்டத்து வீடுகளிலும் அம்மா கடைசியாகவே உண்கிறார். எல்லோரையும் விட இரும்பும் புரதமும் தேவைப்படும் இருவர், கர்ப்பிணித் தாயும் வளரும் பெண்பிள்ளையும்தான். வீட்டில் மூன்று முட்டை இருந்து ஐந்து பேர் இருந்தால், அந்த மூன்றையும் பொரித்து ஐந்தாகப் பகிர்வது எந்தப் புரோட்டீன் பாரையும் விட அந்தக் குடும்பத்துக்கு நன்மை தரும்.

எனவே அன்பான மாணவியரே, கடையில் பாரை எடுக்கும் முன்னர் நேற்று என்ன சாப்பிட்டோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பருப்பு, கடலை, பயறு, முட்டை, மீன், பால் ஆகியவற்றில் இரண்டாவது அதில் இருந்தனவா? சாப்பாட்டுடன் தேநீர் குடித்தோமா? ஏதாவது ஒரு வேளையை விட்டோமா? உங்கள் உம்மா என்ன சாப்பிட்டார் என்பதையும் கேட்டு அதே தாளில் எழுதுங்கள். குறை எங்கே இருக்கிறதென்று அந்தத் தாள் காட்டும். அதை நிரப்பத் தேவையானவை பெரும்பாலும் எமது சமையலறையிலேயே இருக்கின்றன. எல்லோருக்கும் ஆரோக்கியமான வாழ்வை அல்லாஹ் அருள்வானாக.